ஆணியை அராவியவன்

டொக்டர், நீங்கள் பொய் சொன்னீர்கள். வாய் தவறி வந்த பொய் இல்லை. உங்கள் கிளினிக்கின் பெயர் அச்சடித்த தாளில், தட்டெழுத்தில் அடித்து, கீழே கையெழுத்தும் வைத்துக் கொடுத்த பொய். "வாங்கிய நாள் தொட்டு இந்தக் கைத்துப்பாக்கியை எவரும் கழற்றவில்லை" என்று அதில் இருந்தது. அந்த ஒரு வரியால் ஒரு மனிதனுக்கு வேலை போனது.

அதைக் கழற்றியவர் நீங்கள். பூட்டியவன் நான். இது இவ்வளவு காலமும் நம் இருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. போன வருடம் என் மனைவிக்குத் தெரிந்தது. இனி மற்றவர்களுக்கும் தெரியட்டும்.

வாசிக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் நல்லவன் இல்லை. டொக்டர் ஒரு தாளில் பொய் எழுதினார். நான் ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். எது கேவலம் என்று நீங்களே பாருங்கள்.

எழுபதுகளின் நடுவில் மெல்பனுக்கு வந்தேன். தனியாக வந்தேன். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். எனக்கு நோபல் பார்க்கில் ஓர் அறையும் குசினியும் உள்ள பிளாட். அப்போது இங்கே தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கோயில் கிடையாது. யார் வீட்டிலாவது பூசை என்றால் எல்லாரும் அங்கே போவோம். கார் இல்லாதவன் கார் உள்ளவன் தயவில் போவான். நான் டொக்டரின் தயவில் போனேன். அவர் சத்திரசிகிச்சை டொக்டர். எங்களுக்கெல்லாம் முன்னரே வந்து வீடு வாங்கி, புல் வெட்டி, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனோடு வேலிக்கு மேலால் பியர் குடிக்கும் அளவுக்கு ஊன்றிவிட்டவர். என் மனைவியையும் மகளையும் கூப்பிடுவதற்கான கடிதத்தில் பொறுப்பாளி என்று கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். போடச் சொல்லி நான் கேட்டேன். உடனே போட்டார். அதை மறைக்க மாட்டேன்.

இலங்கையில் ரயில் எஞ்சின் திருத்தும் வேலைத்தலத்தில் பதினொரு வருடம் பிட்டராக இருந்தேன். இங்கே அந்தச் சான்றிதழை ஒருவனும் மதிக்கவில்லை. ஏழெட்டு இடம் ஏறி இறங்கிய பிறகு, டண்டினோங் போகும் பெருந்தெருவில் ஒரு கடை முதலாளி என்னை எடுத்தான். மீன் தூண்டில், கூடாரம், முயல் சுடும் துப்பாக்கி எல்லாம் விற்கிற கடை. பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் திருத்த வேலை. முதலாளி அரைக்காற்சட்டையும் முழங்கால் வரை வெள்ளைச் சொக்ஸும் போட்ட பெரிய மனிதன். முதல் நாளே எனக்குக் 'கறி' என்று பெயர் வைத்தான். "கறி, அந்த டப்பாவை எடு. கறி, தேத்தண்ணி போடு." நானும் சிரித்துக்கொண்டு எடுத்தேன், போட்டேன்.

கொட்டகையில் இன்னொருவர் இருந்தார். அவர்தான் கடையின் துப்பாக்கி மெக்கானிக். யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர். கடையில் எல்லாரும் கிழவன் என்பார்கள். ஐம்பத்தைந்து வயதுகூட இருக்காது, தலை மட்டும் முழு வெள்ளை. அவருடைய ஆங்கிலமும் நொண்டி, என்னுடையதும் நொண்டி. ஆகவே நன்றாகப் பேசிக்கொண்டோம். என்னை 'புரொபசர்' என்று கூப்பிடுவார். நான் கண்ணாடி போட்டிருந்தேன், அது போதும் அவருக்கு.

எனக்குத் துப்பாக்கி தெரியாது. இரும்பு தெரியும். அதுவும் எங்கள் ஊர் முறையில் தெரியும். நான் வேலை செய்த காலத்தில் இலங்கைக்கு வெளியிலிருந்து ஒரு சாமானும் வராது. உதிரிப்பாகம் கேட்டு எழுதினால் பதில் வர ஒரு வருடம் ஆகும். வந்தாலும் இல்லை என்றுதான் வரும். ஆகவே எது கையில் கிடைத்ததோ அதை அரத்தால் அராவி, எமரித் தாளால் தேய்த்து, பொருந்த வைப்போம். பொருந்தாத சாமானைப் பொருந்தப் பண்ணுகிறவன்தான் பிட்டர். அப்படித்தான் நாங்கள் நினைத்திருந்தோம். நன்றாக அராவுகிறவனுக்கு வேலைத்தலத்தில் மரியாதை. எனக்கு அந்த மரியாதை நிறைய இருந்தது.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் மாதம், ஒரு புது ரைபிளில் சின்னத் தகடு ஒன்று உட்காரவில்லை. கிழவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். நான் அதை எடுத்து அராவி, தேய்த்து, மயிரிழை பிசகாமல் உட்கார வைத்தேன். வந்து பார்த்தார். தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகான வேலை" என்றார். பிறகு அதைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். மேசை லாச்சியைத் திறந்து புதுத் தகடு ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தார். அதுவும் உட்காரவில்லை. சிரித்துக்கொண்டு ஒரு பஞ்சுக் குச்சியால் குழிக்குள் துடைத்தார். கொழுப்புப் பிசின் ஒரு கட்டி வந்தது. தகடு டக்கென்று உட்கார்ந்தது.

"புதுச் சாமான் பொருந்தவில்லை என்றால் இரும்பில் பிழை இல்லை, புரொபசர். நடுவில் ஏதோ இருக்கிறது. முதலில் துடை. பிறகு பார். பிறகும் வராவிட்டால் எறி."

எனக்குச் செவிட்டில் அறைந்தது போல இருந்தது. எறி என்பது என் வாயில் வராத சொல். அவர் போன பிறகு குப்பைக் கூடையிலிருந்து என் தகட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இந்தக் கிழவனுக்கு அரம் பிடிக்கத் தெரியாது, அதுதான் இந்தக் கதை கதைக்கிறான் என்று மனதுக்குள் திட்டினேன். அந்தத் திமிர்தான் பிறகு வேலை செய்தது.

அந்த வருடம் டொக்டர் ஒரு பிஸ்டல் கிளப்பில் சேர்ந்தார். நகரத்துக்கு வெளியே, பழைய கல் உடைக்கும் குழி ஒன்றில் சனிக்கிழமைகளில் குறி பார்த்துச் சுடுவார்கள். பொலிஸ் லைசென்ஸ், கிளப் கடிதம் எல்லாம் ஒழுங்காக எடுத்தார். அங்கே வெள்ளைத் தோல் இல்லாத ஒரே ஆள் அவர். எங்கள் கடையிலேயே புது அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கினார். குறி பார்த்துச் சுடுவதற்கென்றே செய்த சின்ன ரவைத் துப்பாக்கி. நான்தான் கடைக்குக் கூட்டி வந்தேன். முதலாளி அன்று என்னைக் கறி என்று கூப்பிடவில்லை.

விற்பதற்கு முன்னர் கிழவர் அதை என் கண் முன்னால் பிரித்தார். தொழிற்சாலைக் கொழுப்பைத் துடைத்தார். ஒவ்வொரு பாகத்தையும் வெளிச்சத்துக்குப் பிடித்தார். பூட்டினார். மண் பெட்டிக்குள் பத்து ரவை சுட்டார். சோதனை அட்டையில் கையெழுத்து வைத்தார். ஒரு குறையும் இல்லை. இதற்குச் சாட்சி நான்.

பத்து நாளில் ஆயுத பூசை வந்தது. டொக்டர் வீட்டு முன்னறையில் மேசை போட்டு, சரஸ்வதி படம் வைத்து, புத்தகங்கள், பிள்ளைகளின் பேனைகள், ஸ்டெதஸ்கோப், தையல் மெசின், கார்ச் சாவி எல்லாம் அடுக்கியிருந்தார்கள். நடுவில் வெல்வெட் துணி விரித்து அந்தப் புதுத் துப்பாக்கி. ரவை இல்லை, அதைப் பார்த்துத்தான் வைத்தார். வந்தவர்களுக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு.

"உண்மையான ஆயுத பூசை இதுதானடாப்பா" என்றார் ஒருவர். "இவ்வளவு காலமும் கத்திரிக்கோலுக்கெல்லோ பொட்டு வைச்சுக்கொண்டிருந்தனாங்கள்."

டொக்டரின் மனைவி சந்தனக் கிண்ணத்தை என் கையில் தந்தா. "நீங்கள்தானே இதின்ரை ஆள். நீங்களே வையுங்கோ."

நான் வைத்தேன். ஊர் வேலைத்தலத்தில் கடைசல் இயந்திரத்துக்கும் இரும்பைப் பிடிக்கும் வைஸுக்கும் வருடா வருடம் வைத்த கை. துப்பாக்கியின் பக்கவாட்டில், பிடிக்கு மேலே, ஓர் உருக்கு ஆணியின் தலை சின்ன வட்டமாகச் சற்று உள்ளே பதிந்து தெரிந்தது. பொட்டுக்கென்றே விட்ட இடம் போல இருந்தது. பெருவிரலால் குழைத்த சந்தனத்தைத் தடிப்பாக அழுத்தி வைத்து, மேலே குங்குமம் தொட்டேன். கடலையும் அவலும் தின்றுவிட்டு, டொக்டரின் காரிலேயே வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் டொக்டர் என் பிளாட்டுக்கு வந்தார். அதற்கு முன்னர் அவர் என் வீட்டுப் படி ஏறியதில்லை. கையில் மருந்துப் பை. குசினி மேசையில் வைத்துத் திறந்தார். ஒரு துவாய்த் துணிக்குள் துப்பாக்கி, ஏழெட்டுத் துண்டாக.

"துப்புரவாக்குவம் எண்டு கழட்டினனான். இப்ப பூட்டுப்படுதில்லை."

"இவ்வளவுக்குக் கழட்டச் சொல்லிப் புத்தகத்தில இல்லையே, டொக்டர். மேல் பாகத்தை மட்டும்தானே எடுக்கச் சொல்லியிருக்கு?"

"நான் மனுசன்ரை வயித்தையே திறந்து மூடுறனான். இதைத் திறக்க மாட்டனோ?"

"திறந்திட்டியள். மூடத்தானே என்னட்டை வந்தனீங்கள்."

அவர் சிரிக்கவில்லை. நானும் அதற்கு மேல் பகிடி விடவில்லை. சுடுகிற சுத்தியலைப் பிடித்து வைத்திருக்கிற சின்னக் கொக்கி ஒன்று உண்டு. அந்தக் கொக்கியை அதன் இடத்தில் நிறுத்துவது அந்தப் பக்கவாட்டு ஆணி. டொக்டர் அதையும் தட்டி எடுத்திருந்தார். இப்போது ஆணி துவாரத்துக்குள் பாதி போய் நின்றுவிட்டது. திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மெல்லத் தட்டிப் பார்த்தேன். நிற்கிற இடத்திலேயே நின்றது.

"நாளைக்குக் கடைக்குக் கொண்டு வாங்கோ, டொக்டர். கிழவர் அஞ்சு நிமிசத்தில பூட்டித் தருவார்."

"விசர்க் கதை கதையாதையும். கறுப்பன் வாங்கி ரெண்டு கிழமையில பிரிச்சுப்போட்டுப் பூட்டத் தெரியாமல் கொண்டு வந்து நிக்கிறான் எண்டு கிளப் முழுக்கச் சிரிக்கும். வாற சனி எனக்கு முதல் போட்டி. உமக்கு ஏலாதெண்டால் சொல்லும்."

ஏலாது என்று சொல்ல நான் பிறக்கவில்லை. அதுவும் என் மனைவியின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரிடம். அதுவும் எனக்கு அரம் பிடிக்கத் தெரியும் என்று அந்தக் கிழவனுக்கு ஒரு நாள் காட்ட வேண்டும் என்று சட்டைப் பையில் தகட்டோடு திரிந்த நான். லைசென்ஸ் இல்லாதவன் வீட்டில் துப்பாக்கி திருத்துவது குற்றம் என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் அரத்தை எடுத்தேன்.

ஆணியை அராவினேன். எமரித் தாளைச் சுற்றித் தேய்த்தேன். போட்டுப் பார்த்தேன். இன்னும் தேய்த்தேன். துவாரத்தை ஒரு தரமும் துடைக்கவில்லை. ஒரு துணித் துண்டு போதும், ஒரு சொட்டு மண்ணெண்ணெய் போதும். கிழவர் சொன்ன முதல் வேலை அதுதான். அவர் சொன்னார் என்பதாலேயே செய்யவில்லை. கடைசியில் ஆணி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மற்றப் பாகங்கள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக உட்கார்ந்தன. ரவை இல்லாமல் நாலைந்து தரம் இழுத்து விட்டுப் பார்த்தேன். கடிகாரம் போல வேலை செய்தது.

"கெட்டிக்காரன் ஐசே" என்று டொக்டர் என் முதுகில் தட்டினார். எனக்கு அன்று முழுக்கப் புளுகம். ஒரு போத்தல் பியர் வாங்கிக் குடித்தேன்.

சனிக்கிழமை போட்டியில் டொக்டர் பதினைந்து ரவை வரை ஒழுங்காகச் சுட்டாராம். முதலாளியும் அந்தக் கிளப்பில் உறுப்பினன், பக்கத்திலேயே நின்றான். மெலிந்துபோன ஆணி அதிர்ச்சியில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்திருக்கிறது. புது ரவைக் கூட்டைப் போட்டு பின்னுக்கு இழுத்த மேல் பாகத்தை விட்டதும், விசையில் விரல் படாமலே துப்பாக்கி வெடித்தது. ரவை முன்னால் இருந்த பலகையைத் துளைத்துக்கொண்டு பக்கத்து ஆளின் காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணுக்குள் போனது. ஒருவருக்கும் படவில்லை. பட்டிருந்தால் நான் கொலைகாரன்.

திங்கள் காலை முதலாளி துப்பாக்கியைக் கொண்டு வந்து கிழவரின் மேசையில் போட்டான். "நீ பார்த்துக் கையெழுத்து வைத்த சாமான். என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று நீயே பார்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போனான்.

கிழவர் துப்பாக்கியைப் பிரித்தார். ஆணி விரலாலேயே வந்தது. வெளிச்சத்துக்குப் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு பஞ்சுக் குச்சியை எடுத்துத் துவாரத்துக்குள் விட்டுச் சுழற்றினார். பஞ்சில் மஞ்சளாகப் பொருக்குப் பொருக்காக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. விரலால் நசுக்கிப் பார்த்தார். முகர்ந்தார்.

"கொழுப்பு இல்லை. துரு இல்லை. தேவாலயம் மாதிரி மணக்கிறது." குச்சியை என் மூக்குக்குக் கிட்டக் கொண்டு வந்தார். "புரொபசர், இது என்ன?"

சந்தனம். நான் அழுத்தி வைத்த சந்தனம். என் பெருவிரலின் சந்தனம். அது பதிந்த குழிக்குள் இறங்கிக் காய்ந்திருக்கிறது. ஈரத் துணியால் யாரோ மேலால் துடைக்க, கரைந்து இன்னும் உள்ளே போயிருக்கிறது. டொக்டர் ஆணியைத் தட்டியபோது துவாரம் முழுக்க அப்பியிருக்கிறது. புது ஆணியிலும் பிழை இல்லை, துவாரத்திலும் பிழை இல்லை. நடுவில் இருந்தது நான் வைத்த பொட்டு. அதைத் துடைக்காமல் நல்ல உருக்கை அராவிக் கெடுத்தவனும் நான்.

அந்த மனிதர் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியாது" என்றேன்.

"தெரியாதா?"

"தெரியாது. சவர்க்காரமாக இருக்கலாம்."

சவர்க்காரம் என்று வேறு சேர்த்தேன். சொன்ன பொய்க்கு முட்டுக் கொடுத்தேன். அவர் குச்சியைக் கீழே வைத்தார்.

அன்று மாலை டொக்டரின் கிளினிக்குக்குப் போனேன். நோயாளிகள் போகும் வரை கதிரையில் இருந்தேன். உள்ளே கூப்பிட்டார்.

"டொக்டர், கிழவரிலை பழி விழப்போகுது. நாங்கள் சொல்லுவம். பூசைக்கு வைச்சது, நீங்கள் கழட்டினது, நான் பூட்டினது. இருக்கிறதை இருக்கிற மாதிரிச் சொல்லுவம்."

"சொல்லி?"

"சொன்னால் அந்தாள் தப்பும்."

"நான் தப்பேன். என்ரை லைசென்ஸ் போம். துவக்குக்குச் சந்தனம் பூசின டொக்டர் எண்டு ஆசுப்பத்திரியில நேர்ஸ்மாரும் சிரிப்பினம். அதுக்குப் பிறகு ஆர் என்னட்டை வயித்தைக் காட்டுவினம்? நீர் தப்புவீரோ? லைசென்ஸ் இல்லாமல் வீட்டில துவக்குத் திருத்தினவனுக்கு இமிகிரேசன் என்ன சொல்லும்? உம்மடை மனுசியின்ரை கடுதாசியில கிடக்கிறது என்ரை கையெழுத்து. யோசியும்."

"அந்தாளுக்கு வேலை போகப் பாக்குது, டொக்டர்."

"வெள்ளைத் தோல்தானே, இன்னொண்டு எடுப்பான். எங்களுக்குத்தான் இன்னொண்டு இல்லை. போயிட்டு வாரும்."

நான் எழும்பி வந்தேன். வாசலில் நின்று திரும்பிப் போகலாமா என்றுகூட யோசிக்கவில்லை. பஸ் வந்தது, ஏறினேன். டொக்டர் என்னை வெருட்டினார் என்று சொல்லித் தப்பலாம். உண்மை அது இல்லை. அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியைத்தான் பயம் என்று இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை டொக்டரின் கடிதம் கடைக்கு வந்தது. வாங்கிய நாள் தொட்டு எவரும் கழற்றவில்லை. முதலாளி அதைக் கொட்டகைக்குள் கொண்டு வந்து உரக்க வாசித்தான். வாசித்துவிட்டு ஆணியைத் தூக்கிப் பிடித்தான்.

"அரம் போட்ட அடையாளம் இருக்கிறது. வாங்கியவன் தொடவில்லை. அப்படியென்றால் இந்தக் கொட்டகையில்தான் நடந்தது. அட்டையில் உன் கையெழுத்து."

"நான் ஆணியை அராவுவதில்லை" என்றார் கிழவர். "பதினெட்டு வருடமாக உன்னிடம் இருக்கிறேன். பிழையான ஆணியை எறிவேன். லாச்சியில் புது ஆணி இருக்கிறது. எதற்கு அராவ வேண்டும்?"

"அப்போது யார் அராவியது?"

கிழவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். நான் மேசையில் இருந்த எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். இறுகிய மூடியை மேலும் மேலும் திருகினேன். முதலாளி என்னைக் கேட்கவே இல்லை. கறிக்குத் துப்பாக்கி தெரியாது என்பது அவன் முடிவு. என்னை அவன் ஆளாக மதிக்காததுதான் அன்று என்னைக் காப்பாற்றியது. அதைப் பிடித்துக்கொண்டு தப்பினேன்.

வெள்ளிக்கிழமை கிழவர் தன் சாமான்களைப் பெட்டியில் அடுக்கினார். முதலாளி முன்னால் கடையில் இருந்தான். நாங்கள் இருவரும் மட்டும். அவர் மேலங்கியைப் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"அரம் வலப்பக்கம் சாய்ந்து போயிருக்கிறது. நீ அப்படித்தான் பிடிப்பாய். அந்தத் தகட்டிலும் அப்படித்தான் இருந்தது."

பெட்டியின் மூடியை அழுத்திப் பூட்டினார்.

"நான் முதலாளியிடம் சொல்லவில்லை. நீ சொல்லுவாய் என்று நாலு நாள் பார்த்தேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கதவைக்கூட அடித்துச் சாத்தவில்லை.

அடுத்த திங்கள் முதலாளி எனக்கு அவருடைய மேசையைத் தந்தான். அவருடைய வைஸ், அவருடைய லாச்சிகள், அவருடைய விளக்கு. சில மாதங்களில் லைசென்ஸும் எடுத்துத் தந்தான். ஒன்பது வருடம் அந்தக் கதிரையில் இருந்தேன். புதுத் துப்பாக்கி பொருந்தாவிட்டால் துடைத்தேன், பார்த்தேன், வராவிட்டால் எறிந்தேன். நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுத்தேன். வாடிக்கையாளர் சிலர் வந்து, "முன்னர் இருந்த கிழவன் ஒரு துப்பாக்கியைக் கெடுத்தானாமே" என்று கேட்பார்கள். "ஓம், அப்படித்தான் சொன்னார்கள்" என்பேன்.

மனைவியும் மகளும் அடுத்த வருடம் வந்து சேர்ந்தார்கள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு காலை டண்டினோங் ஸ்டேஷனில் நின்றபோது எதிர் மேடையில் அவரைக் கண்டேன். பழப் போத்தல் அடைக்கும் தொழிற்சாலையின் நீலச் சட்டை. வெள்ளை ரப்பர் சப்பாத்து. அந்தக் கைகள் ஈரத்தில் ஊறிச் சிவந்திருந்தன. ஆணியைக் கெடுத்தவன் என்று பெயர் கெட்ட ஆளுக்கு எந்தத் துப்பாக்கிக் கடையும் மேசை கொடுக்கவில்லை என்று முன்னரே கேள்விப்பட்டிருந்தேன். மகளை இழுத்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"ஏனப்பா ஒளிக்கிறம்?" என்று கேட்டாள். ஐந்து வயது.

"வெயில்" என்றேன். அன்று வெயில் இல்லை.

பிறகு அவரைக் காணவில்லை. தேடவும் இல்லை. இப்போது உயிரோடு இருக்க மாட்டார்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். போன வருடம் எங்கள் மூத்தோர் ஒன்றுகூடலில் டொக்டர் பேசினார். இப்போது அவர் சின்னவர்கள் எல்லாருக்கும் அங்கிள். ஆரம்ப காலத்து அனுபவங்கள் என்று தலைப்பு. நடுவில் ஒரு பகிடி சொன்னார். "அந்தக் காலத்தில நான் ஒரு புதுத் துவக்கு வாங்கினனான். கடையில இருந்த ஒரு யூகோஸ்லாவியக் கிழவன் அதைப் பழுதாக்கிப்போட்டான். முதல் போட்டியிலேயே அது தன்ரை பாட்டில வெடிச்சுது. கிளப்பிலை எல்லாரும் மேசைக்குக் கீழை, நான் மட்டும் நிண்டுகொண்டிருக்கிறன், பாருங்கோ!" மண்டபம் முழுக்கச் சிரித்தது.

நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், என் வாயும் சிரித்தது. என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தா. "அது நீங்கள் வேலை செய்த கடையெல்லே?" என்றா. வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு முழுவதையும் சொன்னேன்.

"அப்ப அந்தாளின்ரை வேலையைக் குடுத்தோ என்னைக் கூப்பிட்டனீங்கள்?"

"அப்பிடியில்லை—"

"வேறை எப்பிடி? சொல்லுங்கோ, வேறை எப்பிடி?"

காரைத் திரும்ப எடுத்தேன். அதற்குப் பிறகு மூன்று தரம் டொக்டருக்கு போன் எடுத்தேன். முதல் தரம், "பழசைக் கிண்டாதையும்" என்றார். இரண்டாம் தரம், தனக்கு ஞாபகம் இல்லை என்றார். மூன்றாம் தரம் அவர் போனைத் தூக்கவில்லை.

ஞாபகம் இல்லாதவர் மேடையில் பகிடியாகச் சொல்ல முடியாது, டொக்டர். தனக்கு ஒரு மகள் இருப்பதாகக் கிழவர் கொட்டகையில் ஒரு நாள் சொன்னார். அவள் இங்கேதான் எங்கோ இருப்பாள். தன் தகப்பன் ஒரு துப்பாக்கியைக் கெடுத்து வேலை இழந்தவர் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அவள் காதில் விழும் வரை இதைச் சொல்ல வேண்டியவர்கள் இரண்டே பேர். ஒருவன் இங்கே பெயரைத் தவிர எல்லாவற்றையும் எழுதிவிட்டான். பெயரை மேடையில் சொல்வேன்.

அடுத்த ஒன்றுகூடலுக்கு நான் வருவேன். முதலில் நான் எழும்பி, ஆணியை அராவியது நான், தெரியாது என்று சொன்னது நான் என்று சொல்வேன். யாராவது காறித் துப்பினால் துடைத்துக்கொள்வேன். பிறகு ஒலிவாங்கியை உங்கள் கையில் தருவேன். போனில் வேண்டாம். தனியாகக் கூப்பிட்டுப் பேசவும் வேண்டாம். போன வருடம் சிரித்த அதே ஆட்கள் முன்னால் எழும்பி நின்று பதில் சொல்லுங்கள். விற்ற பிறகு அந்தத் துப்பாக்கியைக் கழற்றியது யார்? எவரும் கழற்றவில்லை என்று கையெழுத்து வைத்தது யார்?